பாகம்: ஓர் அளவைச் சொல்லின் அரசியல்

1

கொக்கிலமேட்டுக்கு அருகே ஒரு கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், முதல் நாள் எங்கே வலை விட்டீர்கள் என்று கேட்டேன். "ஆறு பாகத்துல வுட்டோம் தம்பி. ஒண்ணும் படல. அப்புறம் ஒம்போது பாகம் போனோம்" என்றார். ஏரிக்கரை ஊரான செங்கல்பட்டில் வளர்ந்தவன் நான். என் காதில் பாகம் என்றால் பங்கு. பாகப்பிரிவினை, முதல் பாகம், இரண்டாம் பாகம். "மொத்தம் எத்தனை பாகத்துல ஆறு?" என்று கேட்டுவிட்டேன். பெரியவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். இருவரும் சிரித்தார்கள். பிறகு வலையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார். "இத்தான் ஒரு பாகம். இது மாதிரி ஆறு. கீழ."

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்தத் தூரத்துக்குள் ஒரு சொல் முற்றிலும் வேறொன்றாகிவிடுகிறது. இதை 'வட்டார வழக்கு' என்று எழுதி மூடிவிடலாம். அப்படி மூடிவிடுவதில்தான் சிக்கல் என்பது இக்கட்டுரையின் கட்சி. ஓர் அளவைச் சொல்லை யார் சொல்கிறார்கள், எந்தத் தாளில் அது ஏறுகிறது, எந்தத் தாளில் ஏறாமல் நிற்கிறது என்பவை மொழியியல் விஷயங்கள் மட்டுமல்ல. கடலில் யாருக்கு எவ்வளவு என்பது அங்கேதான் தீர்மானமாகிறது.

2

விரித்த கைகளில் ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரையிலான நீளம் பாகம். சுமார் ஆறடி. இதே நீளத்துக்குத் தமிழில் 'மார்' என்ற சொல்லும் உண்டு. மலையாளத்திலும் மார், கன்னடத்தில் மாரு, தெலுங்கில் பார. நெஞ்சைக் குறிக்கும் சொல்லே கையகலத்தையும் குறிக்கிறது. கயிற்றை நீட்டி அளக்கும்போது அது மார்பின் குறுக்காகத்தானே போகிறது! ஆங்கிலேயரின் 'ஃபேதம்' ஆறடி, அதாவது 1.83 மீட்டர். பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு விரித்த கைகள், தழுவுதல் என்று பொருள். போர்த்துக்கீசியரின் 'பிராசா', பிரெஞ்சுக்காரரின் 'பிராஸ்' இரண்டும் கையிலிருந்து வந்தவை. டச்சுக்காரரின் 'வாதெம்' ஃபேதமின் உடன்பிறப்பு. மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகோட்டியாக இருந்த சாமுவேல் கிளெமென்ஸ் 'மார்க் ட்வைன்' என்று பெயர் வைத்துக்கொண்டதும் இந்த அளவிலிருந்துதான். 'இரண்டு பாகம்' என்பது அதன் பொருள். படகு தரைதட்டாமல் போகலாம் என்று ஆழம் பார்ப்பவன் கொடுக்கும் குரல்.

ஆக, ஒருவரையொருவர் அறியாத கடலோடிகள் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். ஆழத்துக்குள் ஒரு கயிற்றை இறக்குவது, கைகளை விரித்து அதை எண்ணுவது. நிலத்துக்காரன் ஆழத்தை எப்படிச் சொல்கிறான்? கணுக்கால் தண்ணீர், முழங்கால் தண்ணீர், இடுப்பளவு, கழுத்தளவு, ஓராள் ஆழம், இரண்டாள் ஆழம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்கிறான். தன்னை நிமிர்த்தி நீருக்குள் இறக்கி, எது வரை நனைகிறது என்று பார்க்கிறான். கிணறும் ஏரியும் ஆறும் அவனுக்கு நிலத்தின் பள்ளங்கள். அடியில் கால் ஊன்றலாம் என்பது அவன் நம்பிக்கை. கடலில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. கால் மரத்தின் மேல் இருக்கிறது, கை கயிற்றின் மேல் இருக்கிறது. ஆழம் கைக்கு வந்து சேர்கிறது.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அளவைகளைப் பட்டியலிடும் இடத்தில் 84 அங்குலம் கொண்ட 'வியாம'த்தைக் கயிற்றுக்கும் தோண்டும் பள்ளத்துக்கும் உரிய அளவாக ஒதுக்குகிறது. விரித்த கையும் நின்ற ஆளும் அங்கே ஒரே எண்ணுக்குள் கட்டப்படுகின்றன. அரசு கணக்கெழுத உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும். கயிறு இழுப்பவனுக்கும் பள்ளம் தோண்டுபவனுக்கும் இடையிலுள்ள வேறுபாடு கணக்கருக்குத் தேவைப்படுவதில்லை.

'பாகம்' எங்கிருந்து வந்தது? பங்கு என்ற பொருளிலுள்ள பாகம் வடமொழி வழி வந்தது என்பதில் சண்டை இல்லை. அளவைப் பாகத்துக்கு அருகே நிறுத்த வடமொழி வியாம இருக்கிறது, மராத்தி 'வாவ்' இருக்கிறது, அரபு மாலுமிகளின் 'பா' இருக்கிறது. ஒலி நெருங்கி வந்ததுமே வேரைப் பிடித்துவிட்டோம் என்று துள்ளுவது நம் சொல்லாராய்ச்சியின் பழைய வியாதி. வேர் தேடுவதை விடவும் முக்கியம், இன்று ஒரே ஒலிக்குள் இரண்டு பொருள்கள் குடியிருக்கின்றன என்பது. ஆழம் ஒரு பாகம், பங்கு ஒரு பாகம். இதற்குப் பின்னால் திரும்பி வருவேன்.

3

உடலால் அளப்பது துல்லியமற்றது, ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே மீட்டர் வந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். சந்தைக்கு இது பொருந்தும். துணி விற்பவன் கையும் வாங்குபவன் கையும் வேறு. நடுவே மூன்றாவதாக ஒரு கோல் வேண்டும். கட்டுமரத்திலும் நாட்டுப் படகிலும் நடப்பது வேறு. கடையில் கிலோக்கணக்கில் வாங்கிய கயிறு கரைக்கு வந்ததும் பாகக் கணக்காகிறது. மிதவைக்கு இத்தனை பாகம், கல்லுக்கு இத்தனை பாகம், வலையின் இறக்கம் இத்தனை பாகம். கடலுக்குப் போய்க் கயிற்றை இறக்கி ஆழம் பார்ப்பதும் அதே கைகள். குட்டையான ஆளின் பாகம் ஐந்தரை அடி என்றால் அவர் கயிறும் ஐந்தரை அடிக் கணக்கு, அவர் கடலும் ஐந்தரை அடிக் கணக்கு. பிழை இரண்டு பக்கமும் சமமாக ஏறுவதால் தானே கழிந்துபோகிறது. அவருக்கு வேண்டியது கடலின் ஆழம் என்கிற தனித்த உண்மையல்ல. இந்த வலை இந்தத் தண்ணீரில் தரையைத் தொடுமா தொடாதா என்கிற உறவு. அந்த உறவைப் பாகம் பிசகில்லாமல் சொல்லிவிடுகிறது.

தவிர, பாகம் வெறும் எண்ணாக ஒருபோதும் வருவதில்லை. "எட்டு பாகம் சேறு", "பன்னெண்டு பாகத்துல பாரு கீது" என்றுதான் வருகிறது. ஆழத்தோடு சேறா, மணலா, பாறையா என்பதும் ஒட்டிக்கொண்டு வருகிறது. சேறென்றால் இறால், பார் என்றால் அதை ஒட்டித் திரியும் மீன், கூடவே கிழியப்போகிற வலை. காற்று வாடையா கச்சானா என்பதும் சேரும்போது 'எட்டு பாகம்' என்பது ஓர் இடப்பெயராகவே ஆகிவிடுகிறது. மேலே கோடில்லாத கடலில் இவர்கள் கீழே இருக்கும் தரையை வைத்து ஊர் பெயர் சொல்கிறார்கள்.

இதே மாமல்லபுரத்தில் உடலை அளவாகக் கொண்ட வேறொரு மரபும் இருக்கிறது. சிற்பியின் தாலமும் அங்குலமும். உத்தம தசதாலம் என்றால் தெய்வ உருவத்துக்கு 124 அங்குலம் என்று நூல் சொல்கிறது. 1957இல் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று அரசுக் கல்லூரி. அங்கே இது பாடம், தேர்வு, பட்டம். நல்லதுதான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கல்லூரியும் குப்பமும் ஒரே ஊரில் இருக்கின்றன. இரண்டிலும் அளவுகோல் மனித உடல். ஒன்று 'சாஸ்திரம்' ஆகிறது, மற்றது 'வழக்கு' ஆகிறது. ஏன்? முதலாவது அளக்கும் உடல் இலட்சிய உடல். நூலில் எழுதப்பட்டது, வேர்க்காதது. இரண்டாவதில் அளப்பது உப்புத் தண்ணீரில் வெடித்த கை. நம் அறிவுச் சொல்லாடல் எந்த உடலுக்கு அறிவு உண்டென்று ஒப்புக்கொள்கிறது என்பதை இந்த ஒரு ஊரை வைத்தே எழுதிவிடலாம்.

4

எழுத்தில் ஏறாததற்கு என்ன விலை? மாமல்லபுரத்தையே எடுத்துக்கொள்வோம். 1788இல் வெளிவந்த 'ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் வில்லியம் சேம்பர்ஸ் இவ்வூரைப் பற்றி எழுதினார். கடலுக்குள் கோயில் உச்சிகள் தெரிந்ததாக ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை அவர் பதிவு செய்தார். அன்றிலிருந்து அது 'ஐதிகம்'. ஐரோப்பிய மாலுமிகள் இவ்வூருக்கு இட்ட 'ஏழு பகோடா' என்ற பெயர் ஐதிகத்துக்குத் தோள் கொடுத்தது. 2002இல் தேசியக் கடலியல் நிறுவனமும் இங்கிலாந்தின் அறிவியல் ஆய்வுப் பயணக் கழகம் ஒன்றும் சேர்ந்து கடலுக்குள் இறங்கின. கரைக்கு 500 முதல் 700 மீட்டர் தள்ளி, 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் கட்டுமான எச்சங்கள் கிடைத்ததாக அறிவித்தன. அதன் பிறகு அது 'கண்டுபிடிப்பு'.

5 முதல் 8 மீட்டர் என்பது மூன்று பாகத்திலிருந்து நாலரைப் பாகம் வரை. கரைவலைக்காரருக்கும் சிறு வலைக்காரருக்கும் தினப்படி புழங்குகிற ஆழம். "மூணு பாகத்துல அங்க வல மாட்டும்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். இதில் ஐதிகம் எங்கே இருக்கிறது? இடம் இருக்கிறது, ஆழம் இருக்கிறது, தரையின் தன்மை இருக்கிறது. அங்கே கிடப்பது எந்தக் காலத்துக் கட்டடம் என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல ஆய்வாளர் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வலை மாட்டும் இடமென்ற அறிவு அறிவாகப் பதிவாகாமல், நகரம் மூழ்கிய கதை மட்டும் பதிவாகியிருப்பது தற்செயலல்ல. மீனவரிடம் கதை கேட்கப் போகிறோம். அளவு கேட்கப் போவதில்லை.

நம் இலக்கியத்துக்கும் இதில் பங்குண்டு. நெய்தல் என்றதும் நமக்கு இரங்கல். நெய்தலின் கடல் பெரும்பாலும் கரையில் நின்று பார்க்கிற கடல். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977இல் வந்தது. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' 2004இல் வந்தபோதுதான் தொழிலின் சொற்கள் மொத்தமாக அச்சுக்குள் நுழைந்தன. அப்போதும் நாம் செய்தது என்ன? அவற்றை வட்டார வழக்கு என்று வகைப்படுத்தி ரசித்தோம். ஃபேதம் மீனவப் பேச்சுதான் ஒரு காலத்தில். அதை யாரும் வட்டார வழக்கு என்று சொல்வதில்லை. ஏனென்றால் அது கடல் வரைபடத்தில் ஏறிவிட்டது. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டிய டச்சுக்காரரின் கப்பல் எதிரே நங்கூரமிட்டு, ஈயக்குண்டை இறக்கி வாதெம் எண்ணிய நாளில், அதே தண்ணீரில் ஒருவர் கட்டுமரத்திலிருந்து பாகம் எண்ணியிருப்பார். செய்கை ஒன்று, நீளம் ஏறக்குறைய ஒன்று. ஒன்று வரைபடத்தில் எண்ணானது. மற்றது அடுத்த நாள் மகனிடம் சொல்லப்பட்டது.

5

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், விசைப்படகுகள் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்று வகுத்தது. விசைப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் இடையில் கடலில் நடந்த சண்டைகளின் விளைவு இது. 2023 ஜனவரியில் சுருக்குமடி வலை பற்றி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவும் 12 கடல் மைலுக்கு அப்பால் என்றே சொன்னது. எண் மாறுகிறது, அலகு மாறுவதில்லை.

கடல் மைல் என்பது என்ன? பூமியின் அட்சக்கோட்டில் ஒரு பாகையை அறுபதாக வகுத்ததில் ஒரு கூறு. 1929இல் 1852 மீட்டர் என்று பன்னாட்டளவில் நிலைப்படுத்தப்பட்டது. பூமி உருண்டையை வெளியே நின்று பார்ப்பவருடைய அளவு. கப்பல் போக்குவரத்துக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் மூன்று மைல் என்ற எண்ணுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1702இல் டச்சுச் சட்ட அறிஞர் பின்கெர்ஷூக், கரையிலிருந்து பீரங்கி எட்டும் வரை அரசின் ஆதிக்கம் என்றார். 1782இல் இத்தாலியரான கலியானி அதை மூன்று மைல் என்று எண்ணாக்கினார். அதே 1782இல், பிப்ரவரி 17 அன்று, சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் சஃப்ரெனின் பிரெஞ்சுக் கப்பல்களும் பீரங்கியால் அடித்துக்கொண்டன. 1983இன் மூன்று அந்த மூன்றின் நேர் வாரிசு என்று சாதிக்க நான் வரவில்லை. கரையில் நின்று கடலைத் தூரமாகப் பார்க்கும் பார்வை எந்த இடத்திலிருந்து கிளம்பியது என்பதை மட்டும் சுட்டுகிறேன். பீரங்கிக்கு ஆழம் தேவையில்லை.

மீனுக்குத் தேவை. சண்டை எதன் பேரில் வருகிறது? இறாலின் பேரில். இறால் கடல் மைல் பார்த்து வாழ்வதில்லை. ஆழம் குறைந்த சேற்றுத் தரை பார்த்து வாழ்கிறது. சில ஊர்களுக்கு எதிரே அந்தத் தரை மூன்று மைலுக்குள் முடிகிறது, சில ஊர்களுக்கு எதிரே தாண்டியும் போகிறது. மூன்று மைல் கோடு அதைப் பார்த்துப் போடப்பட்டதல்ல. இன்னொன்று: கரையிலிருந்து என்றால் எந்தக் கரை? மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைச் சுற்றிக் கருங்கல் கொட்டி அலையைத் தடுத்து வைத்திருக்கிறோம். அதற்கு வடக்கிலும் தெற்கிலும் குப்பங்களின் கரையை அலை தின்றுகொண்டிருக்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு கோட்டிலிருந்து ஓடாத எண்ணை அளக்கிறோம். "அவுங்களுக்கு மைலு. எங்களுக்கு பாகம். பன்னெண்டு பாகத்துக்கு உள்ள வராதன்னு சொல்லு, கயித்த வுட்டு நானே பாத்துக்கறேன்" என்றார் பெரியவர். இதைவிடச் சுருக்கமாக நம் சட்ட விமர்சனம் சொல்லிவிட முடியாது. மைல் எல்லையை மீறினார்களா என்று சொல்லக் கருவியும் அதிகாரியும் ரோந்துப் படகும் வேண்டும். பாக எல்லையை மீறினார்களா என்பதை மீறப்பட்டவரே சொல்லலாம். அளவை மாற்றினால் சாட்சியும் மாறுகிறது.

இது வெறும் கற்பனையல்ல. 1980ஆம் ஆண்டின் கேரளச் சட்டத்தின் கீழ் சிறு மீனவர்க்குரிய பகுதி கடலின் ஆழத்தை வைத்தே வரையறுக்கப்பட்டது. அங்கும் மோதல் தீர்ந்துவிடவில்லை, எல்லை மீறலும் நிற்கவில்லை. ஆனால் ஆழத்தைச் சட்டத்தில் எழுத முடியாது என்ற வாதம் அதோடு முடிந்துபோயிற்று.

6

இதுவரை எழுதியதைப் படித்தால் பாகத்தை நான் பூஜையறையில் வைத்துவிட்டதாகத் தோன்றலாம். அப்படியொரு ஆபத்து உண்டு. நாட்டார் அறிவு என்று எதையாவது தூக்கிப் பிடித்துப் பொன்னுலகம் காட்டுவது நமக்குப் பழகிப்போன காரியம். சுனாமிக்குப் பிறகு கட்டுமரத்தின் இடத்தில் பெரும்பாலும் ஃபைபர் படகு, கையில் ஜிபிஎஸ். இளைஞர்கள் 'பாயிண்ட்' என்கிறார்கள். ஆழத்துக்கு மட்டும் இன்னமும் பாகம் என்கிறார்கள். அவர்கள் கருவியை வாங்கியதால் எதுவும் கறைபட்டுவிடவில்லை. நல்ல கருவி கிடைத்தால் யாரும் வாங்குவார்கள்.

மேலும், அந்த விரித்த கைகள் ஆணின் கைகள். மீன் கரைக்கு வந்த பிறகு அளப்பவர்கள் பெண்கள். அவர்களின் அளவு கூறு. மணலில் கூறு கூறாக வைத்து, கண்ணால் சமன் பார்த்து, விலை சொல்லி விற்கிறார்கள். கூறு என்றாலும் பங்குதான், பாகம் என்றாலும் பங்குதான். ஆனால் எங்கே யார் வலை விடலாம் என்று பேசித் தீர்க்கும் ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காருவது பாகம் அளக்கும் ஆண்கள் மட்டுமே. கூறு போடுபவர்களுக்கு அங்கே இடமில்லை. அரசு பாகத்தைக் கேட்பதில்லை என்று குற்றம் சொல்லும் நாம், பாகம் கூற்றைக் கேட்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

கடைசியாக, நிலத்துக்குத் திரும்புகிறேன். 1763இல் செங்கல்பட்டு ஜாகீர் கம்பெனியின் கைக்கு வந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு ஏறத்தாழ இரண்டாயிரம் கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். அந்தக் கணக்குகளின் உயிர் 'காணி'. காணி எண்பதில் ஒன்று என்ற பின்னம். செங்கல்பட்டுச் சீமையில் 1.32 ஏக்கர் என்ற நில அளவு. அதோடு காணியாட்சி என்ற பரம்பரை உரிமை. ஒரு பின்னச் சொல் அளவைச் சொல்லாகி, உரிமைச் சொல்லாகி, ஏட்டிலும் தாளிலும் ஏறி, இருநூறு வருஷம் நீதிமன்றத்தில் வாதாடியது. அந்த உரிமை சிலருக்கே கிடைத்தது, உழுதவர் பலர் வெளியே நின்றார்கள் என்பது வேறு. ஆனால் அளவு உரிமையாவதற்கு மொழியில் வழி இருந்தது.

பாகத்துக்கும் அதே இரண்டு பொருள்கள் இருக்கின்றன: அளவு, பங்கு. மொழி தன் வேலையை முடித்து வைத்திருக்கிறது. அளவு பங்காக மாறுகிற அந்த ஒரு அடி மட்டும் எடுத்து வைக்கப்படவில்லை, ஏனென்றால் வரி கிடைக்காத தண்ணீரைக் கம்பெனி அளக்கவில்லை. அதற்குப் பின் வந்த அரசுகள் அளந்தபோது கரையிலிருந்து மைல் கணக்கில் அளந்தன. குப்பங்களோடு உட்கார்ந்து, எந்த ஊருக்கு எதிரே எத்தனை பாகம் வரை யாருடைய தொழில் என்று எழுதிச் சட்டத்தோடு இணைப்பது பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவைப்படாத வேலை. பேச்சு மொழியில் இருப்பதை எழுத்து மொழிக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் கேட்ட கேள்வி அபத்தமானது என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். மொத்தம் எத்தனை பாகத்தில் உங்களுக்கு ஆறு? இப்போது தோன்றுகிறது, கேள்வி சரிதான், கேட்க வேண்டிய ஆள்தான் அவரில்லை.